தாமாரை விசாரிப்பது யார்?

பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையை அறியாத மும்பைத் தமிழர் இருக்கமாட்டார்கள். தாராவியிலிருந்தும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்தும் செம்பூரிலிருந்தும், சயான் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக நாம் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அங்கேதான். அந்த மருத்துவமனையின் 4ஆம் வார்டை ஒட்டிய ஒரு சிறிய அறையில் ஒரு பெண் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படுத்திருந்தார்.

அவர் பெயர் அருணா ஷான்பாக். கர்நாடகக் கடலோரத்திலுள்ள ஹல்திபூர் என்னும் ஊரிலிருந்து, நம்மைப் போலவே பிழைப்பைத் தேடி இந்த நகரத்துக்கு வந்தவர். செவிலியராகி அந்த மருத்துவமனையிலேயே பணிபுரிந்தார். அங்கிருந்த மருத்துவர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். 1973ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் மாலை, பணி முடிந்து உடை மாற்றச் சென்ற இடத்தில், அங்கேயே வேலை செய்த பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி, அவரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். மூளைக்கு இரத்தம் செல்லாமற்போயிற்று. அப்போது அவருக்கு வயது 25. அதன்பின் அவர் பேசவில்லை, நடக்கவில்லை. 2015ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இறந்தார்.

இவ்வளவும் செய்தித்தாள்களில் நீங்கள் வாசித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. காவல்துறையில் பதிவான வழக்கில் கொள்ளையும் கொலை முயற்சியும் மட்டுமே இருந்தன. பாலியல் வன்கொடுமை நடந்தது என்பது மறைக்கப்பட்டது. கலியாணம் நிச்சயமான பெண்ணாயிற்றே, நாளைக்கு எழுந்து நடமாடினால் அவளை ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்பார்கள். மறைத்தவர்கள் அவருக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். நன்மை செய்வதாகவே நினைத்திருப்பார்கள். விளைவு என்ன? குற்றவாளி தாக்கியதற்காகவும் திருடியதற்காகவும் மட்டும் தண்டிக்கப்பட்டு, ஏழாண்டுச் சிறையோடு வெளியே வந்தான். அவன் செய்த பெரிய கொடுமைக்காக எந்த நீதிமன்றமும் அவனை ஒருநாளும் விசாரிக்கவில்லை. அவளுடைய மானத்துக்காகப் போட்ட போர்வைக்குள் அவனே ஒளிந்துகொண்டான்.

பிரியமானவர்களே, இந்தப் போர்வை நம்முடைய வீடுகளிலும் சபைகளிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவேதான் குடும்பமாக அமர்ந்து வாசிக்கும் இந்த இதழில் இதை எழுத வேண்டியதாயிற்று.

தாவீதின் வீட்டில் நடந்தது

2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தின்மேல் நம்முடைய பிரசங்க பீடங்களிலிருந்து பிரசங்கம் கேட்பது அரிது. அம்னோன் தன் தங்கை தாமாரை நோயாளியைப்போல் நடித்து வரவழைக்கிறான். வழி சொல்லிக்கொடுத்த யோனதாப் அந்நியன் அல்லன், சொந்தக்காரன். அவளை அம்னோனுடைய வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பியவர் தகப்பன். அவள் மன்றாடினாள், நியாயம் எடுத்துச் சொன்னாள், அவன் கேட்கவில்லை.

அதன்பின் அவள் என்ன செய்தாள் என்பதைக் கவனியுங்கள். அவள் மறைக்கவில்லை. வஸ்திரத்தைக் கிழித்து, தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, யாவரும் காண வீதியிலே அழுதுகொண்டு போனாள். வாயை மூடச் சொன்னவன் அவளை நேசித்த அண்ணன் அப்சலோம். அவன் உன் சகோதரன்தானே, இதை மனதில் வைக்காதே என்கிற பொருளில் அவளைத் தேற்றினான். ராஜாவாகிய தகப்பன் கேள்விப்பட்டு மிகவும் கோபங்கொண்டார் என்று மாத்திரம் எழுதியிருக்கிறது. அந்தக் கோபத்தினால் அவர் செய்தது என்னவென்று ஒரு வரியும் இல்லை. தாமார் தனித்துப்போனவளாய் அண்ணன் வீட்டில் கிடந்தாள். இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் கொலை விழுந்தது. பின்பு தேசத்திலேயே கலகம் மூண்டது. ஆடுகளை விசாரித்த மேய்ப்பன், தன் மகளை விசாரிக்கவில்லை.

நியாயப்பிரமாணமோ இந்த விஷயத்தில் தெளிவாயிருக்கிறது. வெளியிலே பலவந்தம் பண்ணப்பட்ட பெண்ணின்மேல் குற்றமில்லை என்றும், அது ஒருவன் மற்றொருவன்மேல் எழும்பிக் கொலை செய்வதற்கு ஒப்பானது என்றும் உபாகமம் 22ஆம் அதிகாரம் போதிக்கிறது. கொலையுண்டவனைப் பார்த்து ‘நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்’ என்று எவரும் கேட்பதில்லை. அவளிடம் மாத்திரம் கேட்கிறோம். நம்முடைய தமிழிலும் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதிவந்தோம். அழிந்தது அவளுடைய கற்பு என்று அந்தச் சொல்லே தீர்ப்பெழுதிவிடுகிறது. பாலியல் வன்கொடுமை என்று இப்போது எழுதுகிறோம். கொடுமை செய்தவனுடையது என்பது அதில் விளங்குகிறது.

எவ்வளவு பரவியிருக்கிறது?

2007ஆம் ஆண்டில் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அவர்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். பெண்பிள்ளைகள் மாத்திரமல்ல, ஆண்பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் அல்லது அவர்களுடைய நம்பிக்கைக்குரியவர்கள். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் காவல்துறையில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516. இந்தத் தேசியப் புள்ளிவிவரங்களில் ஆண்டுதோறும் நூற்றுக்குத் தொண்ணூறு வழக்குகளுக்குமேல் குற்றஞ்சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவன். பதிவாகாதவை எத்தனையோ. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

தெருமுனையில் நிற்கிற முன்பின் தெரியாதவனைக் குறித்தே நம்முடைய பெண்பிள்ளைகளை எச்சரிக்கிறோம். அது தேவைதான், பொதுக் கழிப்பறைக்கு இரவில் தனியே போகவேண்டிய பகுதிகளில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பயத்தை ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து பெரும்பாலும் வாசலைத் தட்டிக்கொண்டே உள்ளே வருகிறது. பத்துக்குப் பத்து அறையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பின்பு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரர், ஊரிலிருந்து வேலை தேடி வந்து தங்கியிருக்கிற உறவுக்காரர், டியூஷன் மாஸ்டர் — இவர்களில் அநேகர் நல்லவர்கள். ஒருவன் அப்படியில்லாதபோது, பிள்ளை சொன்னால் நாம் நம்புவோமா என்பதுதான் கேள்வி.

நம்பினாலும் நாம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய தீர்வு அது. தாதரில் ரயிலேற்றி, பிள்ளையைத் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். படிப்பு பாதியில் நிற்கிறது. பதினெட்டு ஆனதும், சில வேளைகளில் அதற்கு முன்பே, அவசரமாக ஒரு கலியாணம். அவன் அதே சந்தில் குடியிருக்கிறான். அடுத்த வீட்டிலும் ஒரு பிள்ளை வளர்கிறது. தண்டனை யாருக்குக் கிடைத்தது என்று எண்ணிப்பாருங்கள்.

சபை என்ன செய்யவேண்டும்?

முதலாவது, நாம் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ‘மன்னித்துவிடு மகளே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று முதல் நாளிலேயே சொல்லாதிருங்கள். மன்னிப்பு அவளுக்கும் கர்த்தருக்கும் இடையே, அவளுடைய காலத்தில் நடக்கவேண்டியது. மற்றவர்கள் கேட்டு வாங்கக்கூடியது அல்ல. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடக்கூடாது என்று 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டுகிறவர்களும் உண்டு. பவுல் அங்கே பேசுவது இந்த வாழ்க்கைக்கடுத்த கொடுக்கல் வாங்கல் தகராறுகளை. குற்றத்தைத் தண்டிக்கிற பட்டயம் அதிகாரத்தின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அதே பவுல் ரோமர் 13இல் போதிக்கிறார். காவல் நிலையத்துக்குப் போவது அவிசுவாசம் அல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதிருங்கள். ஒரு பிள்ளை திடீரென்று இரவில் அலறுகிறாள், யாரும் தொட்டால் நடுங்குகிறாள், சாப்பிட மறுக்கிறாள், படுக்கையை நனைக்கிறாள். உடனே விடுதலை ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டுவருகிறார்கள். விடுதலை ஜெபத்தை நாம் விசுவாசிக்கிறோம். ஆனாலும் பலர் சூழ்ந்து நின்று, தலையைப் பிடித்து, சத்தமிட்டு அதட்டும்போது, ஏற்கெனவே ஒருவன் பலவந்தமாய்ப் பிடித்த அந்தச் சரீரம் எதை உணரும்? அவை பயத்தின் அடையாளங்களாயிருக்கலாம். அவளுக்குப் பிரியமான ஒரு சகோதரி தனியே உட்கார்ந்து, அவசரப்படாமல் கேட்கட்டும். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் ஜெபத்துக்கு விரோதமானது அல்ல, லூக்கா வைத்தியனாயிருந்தவன்தானே.

போதகர்களும் மூப்பர்களும் அறியவேண்டிய சட்டம் ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் கொடுமைக்கு உள்ளானதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்லுகிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தனக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘ஆலோசனைக்கு வந்தபோது இரகசியமாய்ச் சொன்னார்கள்’ என்பது சாக்காகாது. வயதுவந்த பெண்ணின் காரியம் வேறு: புகார் செய்வதா, எப்போது செய்வதா என்பதை அவளே தீர்மானிக்கவேண்டும். நாம் அவளோடு நிற்கலாம். அவளுக்காக முடிவெடுக்கக் கூடாது.

பெந்தெகொஸ்தே சபைகளில் இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஆஸ்திரேலியாவைக் காட்டலாம். அங்கே அரச விசாரணை ஆணையம் 2014இல் பெந்தெகொஸ்தே சபைகளையும் விசாரித்தது. பெரும் புகழ்பெற்ற மூத்த போதகர் ஒருவர் ஒரு சிறுவனுக்குச் செய்த கொடுமை, பல ஆண்டுகள் கழித்து 1999இல் சபைத் தலைமைக்குத் தெரியவந்தது. அப்போதும், புகார்களைக் கையாளத் தங்களுக்கென்று வகுத்துவைத்திருந்த நடைமுறையையே அவர்கள் பின்பற்றவில்லை என்று ஆணையம் 2015இல் எழுதியது. அபிஷேகம் பெற்றவர் என்பதனால் ஒருவரையும் விசாரணைக்கு மேலாக வைக்கக்கூடாது. ஞாயிறு பள்ளி வகுப்பிலும் வி.பி.எஸ்.ஸிலும் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மாத்திரம் தனித்திருக்க இடங்கொடாத ஒழுங்கை இன்றே ஏற்படுத்தலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஜெபக்குறிப்பைக் குறித்தும் ஒரு வார்த்தை. ‘இன்ன தெரு, இன்ன சகோதரியின் மகளுக்காக ஜெபியுங்கள், இன்னது நடந்தது’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். அடையாளத்தை வெளிப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பிள்ளைகள் காரியத்தில் போக்சோ சட்டமும் தடுக்கிறது. பெயர் சொல்லாமல் ஜெபித்தால் தேவனுக்குத் தெரியாதா? சாட்சி சொல்ல அவளை மேடையேற்ற வேண்டும் என்று எண்ணுகிறவர்களும் அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

இனி, செய்யவேண்டியது. முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது. குளிக்காமல், உடையைத் துவைக்காமல், அந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் அல்ல, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஏற்கெனவே குளித்துவிட்டிருந்தாலும் போகவேண்டும். காவல்துறையின் சீட்டு இல்லாமலேயே சயான் மருத்துவமனையிலோ வேறெந்த மருத்துவமனையிலோ, தனியார் மருத்துவமனையிலுங்கூட, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் அளிக்கவேண்டும் என்பது சட்டம், மறுப்பது தண்டனைக்குரியது. கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்திற்குள் தொடங்கவேண்டும். அவளுடைய சம்மதமில்லாமல் பரிசோதனை கூடாது. ‘இரண்டு விரல்’ பரிசோதனை என்ற பழைய கொடுமையை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்து, 2022இல் அதைச் செய்பவர் ஒழுங்கீனத்துக்கு உள்ளாவார் என்றும் கூறிவிட்டது. பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டையொட்டி மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் தொடங்கிய ‘திலாசா’ மையம், வன்முறைக்குள்ளான பெண்களுக்கு மருத்துவமனைக்குள்ளேயே ஆலோசனை தருகிறது. தாராவியில் ‘ஸ்நேஹா’ அமைப்பின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சயான் மருத்துவமனையில் பணிபுரிந்த குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய அமைப்பு அது. இவர்கள் நம்முடைய விசுவாசத்தார் அல்லரே என்று தயங்கவேண்டாம். குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கியவன் சமாரியன்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பியனுப்பக் கூடாது. பெண் அதிகாரியே வாக்குமூலம் எழுதவேண்டும். பிள்ளையாயிருந்தால் வீட்டுக்கே வந்து, சீருடையின்றி எழுதவேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மராத்தியில் எழுதியதை நம்மவர்களில் பலர் வாசிக்க அறியாமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு விளங்காத மொழியானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க போக்சோ சட்டம் உரிமை தருகிறது. பெரியவர்களும் முழுவதையும் வாசித்துக் காட்டச்சொல்லிக் கேட்டபின்பே கையெழுத்திடவேண்டும். நகல் இலவசம். மராத்தி நன்றாய் அறிந்த ஒரு வாலிபச் சகோதரியை சபை உடன் அனுப்பினால், அது ஒரு நல்ல ஊழியம். செலவுக்கு மாநில அரசின் ‘மனோதைரியா’ திட்டம் 2013 முதல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் மூலம் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், மகாலட்சுமியிலுள்ள சக்தி மில்ஸ் பாழடைந்த ஆலைக்குள் பத்திரிகைப் புகைப்படக்காரப் பெண் ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவர் தாமதியாமல் புகார் செய்தார். அதன்பின் இன்னொரு பெண் முன்வந்தார். தொலைபேசி இயக்குநராக வேலை பார்த்த 18 வயதுப் பெண். முந்தின மாதம், அதே ஆலைக்குள், அதே ஆட்களில் சிலர் அவருக்கும் அதைச் செய்திருந்தார்கள். ஒருத்தி வாய் திறந்ததனால் மற்றவளுக்குத் தைரியம் வந்தது. 2014இல் இரு வழக்குகளிலும் தண்டனை விதிக்கப்பட்டது. மூவருக்கு விதித்த மரண தண்டனையை உயர்நீதிமன்றம் 2021இல் ஆயுள் தண்டனையாக மாற்றியது. முதலாமவள் மறைத்திருந்தால் மூன்றாவதாக ஒருத்தியும் அந்த ஆலைக்குள் அகப்பட்டிருக்கக்கூடும்.

கே.இ.எம். செவிலியர்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அத்தனை ஆண்டுகளும் அருணாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தவர்கள் அவர்கள். ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை. மீனும் கோழிச் சூப்பும் அவருக்குப் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரை அந்த மருத்துவமனையிலிருந்து அகற்ற மாநகராட்சி முயன்றபோது போராடித் தடுத்தார்கள். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் சம்பளமில்லாமல் தொடர்ந்து பார்த்துக்கொள்வதாக முன்வந்தார். அவரை இறக்கவிடும்படி ஒருவர் தொடுத்த வழக்கில் 2011 மார்ச் 7ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவருக்காகப் பேச உரிமையுள்ள உற்ற நண்பர் அந்த மருத்துவமனை ஊழியர்களே என்று அறிவித்தது. இரத்த உறவு அல்ல, ஒரே ஊரும் அல்ல; தலைமுறை தலைமுறையாகப் புதிதாய் வந்த செவிலியரும் அவரைத் தங்களுடையவராக ஏற்றுக்கொண்டார்கள்.

நம்முடைய சகோதரிகள் ஐக்கியத்தில் வாரந்தோறும் கூடுகிற இருபது முப்பது பேரில் நான்கு பேர் போதும். வழக்கு சில மாதங்களில் முடிவதில்லை. வாய்தா மேல் வாய்தா வரும். விசாரணை நாளில் தாயார் கூலி வேலையை விட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே நீதிமன்றத்துக்குப் போய், பிற்பகல்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எதிர்த்தரப்பு உறவுக்காரர் எதிரே நிற்பார்கள். அந்த நாளில் ஒரு சகோதரி அவர்களோடு பெஞ்சில் இருக்கட்டும். இன்னொருத்தி வீட்டில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைய கூலிக்கு ஈடானதைச் சபைக் காணிக்கையிலிருந்து கொடுக்கலாம். மத்தியான ஆகாரமும் குடிக்கத் தண்ணீரும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அவசரத்துக்கு: காவல்துறை 112, மும்பையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 103, பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. சபை அறிவிப்புப் பலகையில் இந்த நான்கு எண்களையும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதிவையுங்கள்.